ஏட்டம்மாவின் சட்டை

எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த போலீஸ் ஏட்டம்மாவுக்கு இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று வீட்டுக் குரல். பக்கத்திலேயே நின்றாலும் "என்னக்கா சொன்னீங்க" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். இன்னொன்று காக்கிக் குரல். ஜிஎஸ்டி ரோட்டு லாரிகளைத் தாண்டி ஊரப்பாக்கம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் வரைக்கும் அது போய்ச் சேரும். இரண்டுக்கும் நடுவில் சட்டை மாற்றுகிற நேரம்தான் இடைவெளி.

அதை நான் முதலில் கண்டுபிடித்தது தண்ணீர் மோட்டார் சண்டையில். மேல்தொட்டி நிரம்பி வழிந்து தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா படிக்கட்டைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னாம்மா, வாடகைக்கு வந்தவ உன் இஷ்டத்துக்கு சுச்சு தட்னா இன்னா அர்த்தம்? தெருவே கொளமா கீது பாரு."

நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஏட்டம்மா நடுப்படியில் நின்றார். "நான் போடலீங்க" என்றார். கீழே இருந்தவருக்கு அது கேட்டிருக்காது. எனக்கே உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தவன் வீட்டுக்காரம்மாவின் மகன். நான் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஏட்டம்மாவும் பார்த்திருந்தார்.

அன்றைக்கு அவருக்குப் பக்கத்திலேயே பந்தோபஸ்து. வேன் வந்து ஏற்றிக்கொள்ளும் என்பதால் வீட்டிலேயே காக்கி மாட்டிக்கொண்டார். கால் மணி நேரத்தில் தொப்பியும் பூட்ஸுமாக இறங்கி வந்தார். அதே வீட்டுக்காரம்மா, "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க மேடம்" என்றார். ஏட்டம்மா டீயை வாங்கவில்லை. "மோட்டார் போட்டது உங்க பையன். அவன கூப்புட்டுத் தொடப்பம் எடுத்துத் தெருவத் தள்ளச் சொல்லுங்க." அவ்வளவுதான். பையன் தள்ளினான்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல அக்கா?" என்று பிறகு கேட்டேன்.

"அப்ப என்மேல சட்ட இல்லடி."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் அதை நிஜமாகவே நம்பினார். தன்னிடம் இருக்கிற தைரியம், கோபம், நியாயம் எல்லாம் அந்தச் சட்டையில் தைத்து வந்தவை, கழற்றினால் கொடியில் தொங்கிவிடும் என்பது அவர் கணக்கு. டாக்டரிடம் போனால் அவரைத் தாண்டி மூன்று பேர் உள்ளே போவார்கள். "அவசரமா இருக்கும், போவட்டும்" என்பார். கறிவேப்பிலை கேட்கக்கூடக் கூச்சம். அதனால் அந்தச் சட்டையை அவர் பார்த்துக்கொண்ட விதம் வேறு. பெல்ட் பக்கிளைப் புளி போட்டுத் தேய்ப்பார். நெஞ்சில் குத்தும் பெயர்ப்பட்டையைத் துடைத்து ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி வைப்பார். காக்கியில் சோறு சாப்பிட மாட்டார், குழம்பு சொட்டிவிடும் என்று.

காக்கியில் அழவும் மாட்டார். அவருடைய அப்பா இறந்த செய்தி டியூட்டியில் இருக்கும்போது வந்ததாம். போனை வைத்துவிட்டு, ஓய்வறைக்குப் போய்ச் சுடிதார் மாற்றி, காக்கியை மடித்துப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்து அழுதாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது.

நான் அப்போது என்ஜினியரிங் முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். கையில் நேரம் கொட்டிக் கிடந்தது, கால் ஓரிடத்தில் நிற்காது. எங்கள் நகருக்கென்று வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தது நான்தான். பாம்பு வந்தால் படம், ரயில் தாமதம் என்றால் தகவல், நாய் காணாமல் போனால் அதற்கொரு போஸ்டர். ஏட்டம்மா என்னை "ரிப்போர்ட்டரு" என்பார். கணவர் கோயம்புத்தூர்ப் பக்கம் லாரி ஓட்டுகிறார், மகள் விழுப்புரத்தில் பாட்டி வீட்டில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். இங்கே அவருக்குப் பேச்சுத்துணை நான் மட்டும்.

ரயிலில் அவர் காக்கியோடு ஏறுவதில்லை. ஏறினால் சீட் சண்டையிலிருந்து மாமியார் சண்டை வரைக்கும் பஞ்சாயத்துக்கு வந்துவிடுவார்கள். சுடிதாரில் போவார், காக்கி ஒரு நீலப் பையில் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பை இல்லாமல் வந்தார்.

எங்கள் வாசல்படியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை. "என்னக்கா, பை எங்க?" என்றேன்.

"தூங்கிட்டேன்டி. மாம்பலத்துல கண்ண மூடினேன். வண்டலூர் தாண்டித்தான் முழிச்சேன். மேல வெச்ச பைய காணோம். தாம்பரத்துல வண்டி கொஞ்ச நேரம் நிக்கும்ல, அங்கதான் எவளோ எறக்கியிருக்கணும்."

முந்தின நாளிலிருந்து அவருக்கு ஓயாத டியூட்டி. ஒரு பெண் கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போய், திரும்பச் சிறையில் ஒப்படைத்துவிட்டு வருகிற வேலை. பையில் என்னவெல்லாம் இருந்தது என்று கேட்டேன். விரலை மடக்கிச் சொன்னார். சட்டை, பேன்ட், தொப்பி, பெல்ட். பெயர்ப்பட்டை. சட்டைப் பாக்கெட்டில் அடையாள அட்டை, ரயில் சீசன் டிக்கெட். வாக்கிடாக்கி. ஒரு குட்டை லத்தி. கடைசியாக, குரல் இன்னும் இறங்கி, "கைவிலங்கு" என்றார்.

"சரி, உடனே கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம். எந்திரிங்க."

"யார்கிட்டடி குடுக்கறது? என்கிட்டயேவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பிறகு விளக்கினார். கைதியோடு போகிற இந்த வழிக்காவல் முடிந்ததும் விலங்கு, வாக்கிடாக்கி, லத்தி மூன்றையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். ஆனால் சிறை ஊருக்கு ஒரு கோடியில், ஸ்டேஷன் இன்னொரு கோடியில். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். சிறையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு நேரே ரயில் ஏறிவிடுவார்கள். ஸ்டேஷனில் பதிவேடு எழுதுகிற ரைட்டருக்கு ஒரு போன் போடுவார்கள். அவர் "ஒப்படைத்தாயிற்று" என்று எழுதிவிடுவார். அடுத்த டியூட்டிக்கு வரும்போது பொருள் வந்து சேரும். எல்லாரும் செய்கிறார்கள், யாருக்கும் எதுவும் ஆனதில்லை. இந்தத் தடவை மகளைப் பார்க்கப் போகவென்று சனி, ஞாயிறு லீவு வாங்கியிருந்தார்.

"பதிவேட்டுல அதெல்லாம் ஸ்டேஷன்ல பத்திரமா கீது. ஸ்டேஷன்ல கீற பொருளு ரயில்ல எப்படிடி களவு போவும்? நான் போனா போறேன். எழுதின மனுசன் எனக்காக எழுதினாரு. அவரு பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

 பிறகு அவரைத் தின்றுகொண்டிருந்தது வெளியே வந்தது.

"லேடீஸ் பெட்டில போச்சு. அப்ப எடுத்தவ பொம்பள. அவளுக்கு என் சட்ட பத்தும். சீசன் டிக்கெட்ல ஊரப்பாக்கம்னு போட்டிருக்கு. இந்தப் பேருல இங்க ஒரு போலீசு கீதுன்னு அவளுக்கு நானே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. அத மாட்டிக்கினு வந்து கதவத் தட்டினா, எந்த வூட்லடி தொறக்க மாட்டாங்க?"

நான் அதற்குள் போனில் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தேன். 'எச்சரிக்கை. பெண் காவலரின் சீருடை திருடப்பட்டுள்ளது' என்பது வரைக்கும் வந்துவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற மாதிரி.

"திங்கக்கிழம காலைல வரைக்கும் எனக்கு டைம் கீது. தேடிப் பாக்கறேன். கெடைக்கலன்னா நானே போய் நிக்கறேன். அதுவரைக்கும் போடாத."

போடவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். இந்த ஊரில் தனியாக இருப்பவர்களின் வீட்டுக்காவது நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தலையாட்டினார்.

சனிக்கிழமை விடிந்ததும் தாம்பரம் போனோம். பிளாட்பாரத்தில் பூக்கட்டுகிறவர்கள், பெருக்குகிறவர்கள், பழைய துணி வாங்குகிறவர்கள், குப்பைத்தொட்டிகள். யாரும் நீலப் பையைப் பார்க்கவில்லை. பத்து மணிக்குத் திரும்பி வந்து, நான் அவசரமாகப் போட்ட பட்டியலோடு கதவுகளைத் தட்ட ஆரம்பித்தோம்.

முதல் வீடு ஓய்வுபெற்ற ஒரு டீச்சருடையது. மகன் வெளிநாட்டில், இவர் தனியாக. கம்பிக்கதவுக்கு உள்ளேயே நின்று பேசினார்.

"என்னம்மா விஷயம்?"

"ஒண்ணும் இல்லீங்க. கொஞ்ச நாளைக்குப் போலீசுன்னு யாராவது வந்தா கதவத் தொறக்காதீங்க." வீட்டுக் குரல். டீச்சர் காதைக் கம்பியருகே கொண்டுவந்தார்.

"போலீஸ் வந்தா திறக்கக்கூடாதா? ஏன்?"

ஏன் என்பதைச் சொல்ல முடியாதே. ஏட்டம்மா என்னைப் பார்த்தார். "சும்மா ஒரு ஜாக்கிரதைக்குத்தான் மேடம்" என்றேன் நான்.

"சரி, இதச் சொல்ல நீங்க யாரு?"

"நான் போலீசுங்க."

டீச்சர் சிரித்தார். "போலீஸ் வந்தா திறக்காதேன்னு போலீஸே வந்து சொல்றீங்க. நல்லா இருக்கும்மா. ஐடி கார்டு காட்டுங்க."

ஏட்டம்மாவின் வலது கை தானாக இடது மார்புக்குப் போனது. சுடிதாரில் அங்கே பாக்கெட் இல்லை. கை அப்படியே கொஞ்சநேரம் நின்றது.

"காட்ட மாட்டீங்க, இல்ல? நீ படிச்ச பொண்ணு மாதிரி இருக்க, இவங்ககூட ஏம்மா சுத்துற?" என்றார் என்னிடம். உள்கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

அடுத்தடுத்த வீடுகளிலும் இதேதான். ஒருவர் நாயை அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டார். ஒரு பாட்டியம்மா எங்களை வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்து, நாளைக்கு வரச் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. "அக்கா, அந்தக் குரல்ல பேசுங்க. மோட்டார் அன்னிக்குப் பேசினீங்களே, அப்படி."

"வரலடி."

"முயற்சி பண்ணுங்க."

"வந்தா பேச மாட்டனா?"

மதியம் டிரான்ஸ்ஃபார்மர் நிழலில் நின்று தண்ணீர் குடித்தபோது என் போன் ஒலித்தது. எங்கள் குழுவில் ஒரு படம். எந்த மாடியிலிருந்தோ எடுத்தது. என் முதுகும் ஏட்டம்மாவின் முதுகும். கீழே: 'போலீஸ் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பெண்கள் வீடு வீடாக வருகிறார்கள். ஐடி இல்லை. உஷார்.' அதற்குக் கீழே ஒருவர்: 'உண்மையான போலீஸ் யூனிஃபார்மில்தான் வருவார்கள். யூனிஃபார்ம் இருந்தால் மட்டும் கதவைத் திறக்கவும்.' அதற்கு லைக் போடும் பெருவிரல்கள் வரிசையாக விழுந்துகொண்டே இருந்தன. டீச்சரும் ஒன்று போட்டிருந்தார்.

போனை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

காலையிலிருந்து வெயிலில் அலைந்து நாங்கள் சாதித்தது இதுதான். காக்கியை நம்பாதே என்று சொல்லப் போனோம். காக்கியை மட்டும் நம்பு என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

"உண்மையச் சொல்லிடலாம்க்கா. டைப் பண்ணியே வெச்சிருக்கேன். ஒரு விரல் வெச்சா போதும்."

"நாளைக்கு ஒரு நாளுடி. தாம்பரத்துல இன்னொரு தபா பாத்துட்டு வரேன். ஒரே நாளு." அவர் கண்களில் தண்ணீர் நின்றது. சுடிதார்தானே, அழலாம். ஆனால் அழவில்லை. "ரைட்டரு ரெண்டு தபா போன் பண்ணிட்டாரு. பொருள் பத்திரமான்னு கேக்கறாரு. பத்திரம்னு சொல்லிட்டேன்."

எழுதி வைத்த செய்தி என் போனில் அப்படியே கிடந்தது. நான் அனுப்பவில்லை. அவருக்காகத்தான் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். குழுவில் அந்த முதுகு என்னுடையது என்று ஒத்துக்கொள்ள எனக்கும் தைரியமில்லை என்பதும் உண்மை.

ஞாயிறு காலை அவர் தாம்பரத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினார். பதினோரு மணி இருக்கும். டீச்சர் வீட்டுத் தெருவில் கூட்டம்.

ஓடினோம். நடந்ததை வாசலில் நின்றவர்கள் ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்கள். காக்கிச் சட்டை, தொப்பி, கையில் கரகரவென்று சத்தம் போடும் வாக்கிடாக்கியுடன் ஒரு பெண் வந்திருக்கிறாள். டீச்சரே முந்திக்கொண்டு, "நேத்து வந்த அந்த ரெண்டு பேரப் பத்தித்தானே? வாங்க வாங்க" என்று கதவைத் திறந்திருக்கிறார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவள் உள்ளே போயிருக்கிறாள். வாக்குமூலம் எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, பின்னாலேயே சமையலறைக்குப் போய், டீச்சரின் வலது கையை ஜன்னல் கம்பியோடு விலங்கிட்டுவிட்டாள். கழுத்திலும் கையிலும் இருந்ததைக் கழற்றிக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். போகும்போது எதிர்வீட்டுக்காரர் அவளுக்கு வணக்கம் வைத்திருக்கிறார்.

ரோந்து வந்த இரண்டு போலீஸ்காரர்கள் சமையலறையில் நின்றிருந்தார்கள். அவர்களிடம் விலங்குச் சாவி இல்லை. யாரோ கட்டர் கொண்டுவரப் போயிருந்தார்கள். டீச்சர் கையை இழுத்து இழுத்துப் பார்த்ததில் விலங்கு இறுகிவிட்டது. மணிக்கட்டு வீங்கி, விரல் நுனிகள் கறுத்துக்கொண்டு வந்தன. அவர் முனகுவது வாசல் வரை கேட்டது.

ஏட்டம்மா கேட்டருகே நின்றுவிட்டார். பிறகு சுடிதார் கழுத்துக்குள் கைவிட்டுத் தாலிக்கயிற்றை வெளியே எடுத்தார். அதில் ஒரு சின்னச் சாவி கட்டியிருந்தது. விலங்கு இருக்கிற பையில் சாவியை வைக்கவே மாட்டார்களாம், கைதியின் கைக்கு எட்டாத இடத்தில்தான் வைக்கவேண்டுமாம். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அக்கா, இப்ப உள்ள போனீங்கன்னா முடிஞ்சது. கட்டர் வருதாம்."

"கட்டர் வர்றதுக்குள்ள கை போயிடும்டி."

உள்ளே போனார். "கொஞ்சம் வழி விடுங்க" என்றார். யாரும் நகரவில்லை. வீட்டுக் குரல்தான். ஒரு போலீஸ்காரர் திரும்பி, "வேடிக்க பாக்கறது வெளிய நின்னு பாரும்மா" என்றார். ஏட்டம்மா அவர் கையைத் தள்ளிவிட்டுக் குனிந்து, சாவியைப் போட்டுத் திருப்பினார். கிளிக் என்றது. டீச்சரின் கை அவர் தோள்மீதே விழுந்தது. அதைப் பிடித்து மெதுவாக நீவிவிட்டார்.

"சாவி எப்படிம்மா உன்கிட்ட?" என்றார் போலீஸ்காரர்.

ஏட்டம்மா நிமிர்ந்தார். பெயரைச் சொன்னார். தலைமைக் காவலர் என்றார், தன் எண்ணைச் சொன்னார். "இது என் வெலங்கு சார். வெள்ளிக்கிழம ரயில்ல பையோட போச்சு. ஒப்படைச்சிட்டேன்னு ரைட்டர்கிட்ட நான்தான் பொய் சொல்லி எழுத வெச்சேன். அவருக்கு எதுவும் தெரியாது."

குரல் நடுங்கவில்லை. உரக்கவும் இல்லை. ஆனால் அந்தச் சமையலறையில் எல்லாருக்கும் கேட்டது. காக்கி இல்லாமல் அவர் பேசி நான் முழுதாகக் கேட்ட முதல் பேச்சு அது.

நான் சந்தோஷப்பட ஒரு நொடிதான் இருந்தது. டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டே அவரை உற்றுப் பார்த்தார்.

"என்ன பேரு சொன்ன?"

ஏட்டம்மா மறுபடி சொன்னார்.

"அந்தப் பேருதான் சார். அவ சட்டையில குத்தியிருந்ததும் இதே பேருதான். கார்டு காட்டினாளே, அதுலயும் இதுதான். நேத்து வந்து நோட்டம் பாத்துட்டுப் போனது இவ. இவளும் அவளும் கூட்டு."

வாசலில் இருந்தவர்கள் அந்தப் பெயரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் கத்தினேன். அவர் பறிகொடுத்தவர், எச்சரிக்கத்தான் வந்தார், நான்தான் கூட வந்தேன் என்று. போனைத் திறந்து, இரண்டு நாளாகக் கிடந்த செய்தியை அனுப்பினேன். உடனே பதில் வந்தது. 'திருடு போனதும் சொல்லாமல் இப்போது சொல்வது ஏன்?' அதற்குப் பெருவிரல்கள்.

ஏட்டம்மாவை ஜீப்பில் ஏற்றினார்கள். பின் சீட்டில், இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவில். அவர்கள் காக்கியில் இருந்தார்கள், அவர் சுடிதாரில். "மகளுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லுடி. வேற யாராவது சொல்றதுக்கு முன்ன" என்றார். சொன்னேன். அந்த மூன்று நாளில் நான் தாமதமில்லாமல் சொன்ன ஒரே கெட்ட செய்தி அதுதான்.

கூட்டு இல்லை என்பது விசாரணையில் தெளிய மூன்று மாதம் ஆனது. பொருளைத் தொலைத்ததற்கும் மறைத்ததற்கும் சஸ்பெண்ட். ரைட்டர் தப்பித்தார். அதற்குள் வீட்டுக்காரம்மா மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சாமான் ஏற்றிய வண்டியிலேயே ஏட்டம்மாவும் ஏறிப் போனார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. பழைய எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

பை கிடைக்கவில்லை. அவளும் அகப்படவில்லை. ஒருமாதம் கழித்து அனகாபுத்தூரில் ஒரு வீடு, அப்புறம் பம்மலில் ஒன்று என்று கேள்விப்பட்டேன். இரண்டு இடத்திலும் வந்தது காக்கி போட்ட பெண், இரண்டு புகாரிலும் திருடியின் பெயர் என்று எழுதிக்கொடுத்திருப்பது ஏட்டம்மாவின் பெயர்.

அதனால்தான் இதில் எங்கேயும் அவர் பெயரை நான் எழுதவில்லை. பழைய கைக்குட்டையில் சுற்றி அவர் வைத்திருந்த அந்தப் பெயர் இப்போது வேறொருத்தி நெஞ்சில், எந்தத் தெருவிலோ, ஏதோ ஒரு கதவுக்கு முன்னால் நிற்கிறது. உள்ளே இருப்பவர் கம்பி வழியாக அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் திறக்கப்போகிறார்.